வீழ்ந்து கொடுப்பவர்

ஒருவரை வீழ்த்தக் கற்பதற்கு, வீழ்வதற்கு இன்னொருவர் வேண்டும். யப்பானியப் போர்க்கலைகளின் பயிற்சிமுறை முழுவதும் இந்த எளிய உண்மையின் மீதே எழுந்து நிற்கிறது. ஓவியம் கற்பவன் தாளைப் பாழாக்கலாம்; தச்சுவேலை கற்பவன் பலகையைப் பாழாக்கலாம். ஜூடோவையோ அய்கிடோவையோ கற்பவனுக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. தன்னைப் போலவே நோவும் அச்சமும் உடைய மற்றொரு மனிதனின் உடலைக் கொண்டே அவன் கற்றாக வேண்டும். இவ்வாறு ஒருவர் தமது உடலை மற்றொருவரின் கல்விக்காகக் கொடுப்பதை எத்தகைய உறவு என்று நாம் கொள்வது? தோழமை என்பதா, ஊழியம் என்பதா? இவ்வினாவை விளையாட்டுத் துறையினரிடம் மட்டும் விட்டுவிட முடியாது. கற்பித்தலைத் தொழிலாகக் கொண்ட எவரும் இதற்கு விடை தேடக் கடமைப்பட்டவரே.

முதலில் அப்பயிற்சியின் இயல்பைச் சற்று நெருங்கி நோக்குவோம். அய்கிடோக் கூடங்களில் அடிக்கடி செய்யப்படும் பயிற்சி ஒன்று உண்டு. மூச்சு எனப் பொருள்படும் 'கோக்கியூ' என்ற சொல்லைச் சேர்த்து அதற்குப் பெயரிட்டுள்ளனர். இருவர் எதிரெதிரே முழந்தாளிட்டு அமர்கின்றனர். ஒருவர் மற்றவரின் இரு மணிக்கட்டுகளையும் இறுகப் பற்றுகிறார். பற்றப்பட்டவர், பற்றியவரை நிலைகுலைத்து ஒரு பக்கமாகச் சாய்க்க வேண்டும், அவ்வளவே. பார்ப்பவருக்கு இது சிறுவர் விளையாட்டாகத் தோன்றும். ஆனால் தோள்வலியால் தள்ள முற்பட்டால், எதிரே இருப்பவர் அவ்வலி எங்கிருந்து புறப்படுகிறது என்பதை உடனே உணர்ந்து, அதே இடத்தில் தடுத்துவிடுகிறார். தோள் தளர்ந்து, முழங்கை தாழ்ந்து, அசைவு இடுப்பிலிருந்தும் அடிவயிற்றிலிருந்தும் எழுமாயின், தடுக்க வேண்டிய இடம் எதுவென்று அவருக்குத் தெரிவதில்லை. கை அசைவதாக அவர் உணர்வதில்லை. முழு உடலும் ஒன்றாக வந்து சேர்வதாகவே உணர்கிறார். முழு உடலின் இயக்கம் என்று இக்கலைஞர் பேசுவதன் பொருள் இதுதான். அதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. சில ஆசிரியர்கள் இதனை ஏதோ தெய்வீக ஆற்றலாக விளக்கி மாணவரை மயக்குவதுண்டு. அவ்விளக்கம் நமக்கு உடன்பாடன்று.

இங்கு கவனிக்க வேண்டியது வேறொன்று. தன் தோள் இறுகியிருப்பதைத் தனியே நின்று ஆயிரம் முறை பயின்றாலும் ஒருவனால் அறிய முடியாது. இறுகிய தசை தனக்கு வலிமையாகவே தோன்றும். அது பலவீனம் என்பதை அறிவிப்பது மற்றவரின் பிடி. நம் உடலைப் பற்றிய உண்மையே இன்னொருவரின் கைகளில் இருக்கிறது என்பது வியப்பன்றோ!

யப்பானியர் வீழ்பவரை 'உக்கே' என்பர். ஏற்பவர் என்பது அதன் பொருள். அவர் செய்யும் பிழைகளில் இரண்டு கொடியவை. எதிரியின் முயற்சி நிறைவுறு முன்னரே தாமாக விழுந்துவிடுவது ஒன்று. நண்பரின் நூலைப் படிக்காமலே மேடையிற் புகழ்பவரை நாம் அறிவோம், இவரும் அவ்வினத்தவரே. இந்தப் பொய்யான வீழ்ச்சியில் மகிழ்ந்த மாணவன் ஆண்டுக்கணக்கில் எதையும் கல்லாமலே தேர்ந்தவனாகத் தன்னை எண்ணிக்கொள்வான். மற்றது, அடுத்து வரப்போகும் உத்தி எதுவென்று முன்கூட்டியே அறிந்திருப்பதால், அதற்கென்றே உடலை விறைத்து நிறுத்துவது. உண்மையான மோதலில் அம்முன்னறிவு எவருக்கும் வாய்ப்பதில்லை. ஆகவே அந்த எதிர்ப்பும் பொய்யே. வீரத்தின் வேடம் பூண்டிருப்பதால் அதன் பொய்ம்மை எளிதிற் புலப்படுவதில்லை. உண்மையாகத் தாக்கி, உண்மையான அளவுக்கு எதிர்த்து, நிலைகுலையும்போது உண்மையாகவே வீழ்கின்ற உக்கே கிடைப்பது அரிது. பெயரும் புகழும் வீழ்த்துபவருக்கே சேருகின்றன; அறத்தின் சுமையோ பெரும்பாலும் வீழ்பவர்மீதே இருக்கிறது.

இவ்வுறவைத் தெளிவாகச் சிந்தித்தவர்களுள் முதன்மையானவர் கானோ ஜிகோரோ. அவர் போர்வீரரல்லர், கல்வியாளர். ரோக்கியோ உயர் ஆசிரியர் கல்லூரியின் அதிபராக நெடுங்காலம் பணியாற்றியவர். மெலிந்த உடலினராய், வலியவரால் துன்புறுத்தப்பட்ட மாணவராய் இருந்தவர், 1877 இல் ஃபுகுதா ஹாச்சினோசுகேயிடம் பழைய ஜுஜுத்சு முறையைக் கற்கத் தொடங்கினார். ஓர் உத்தி எவ்வாறு அமைகிறது என்று அவர் கேட்டபோதெல்லாம், ஆசிரியர் விளக்கம் கூறாது மீண்டும் மீண்டும் அவரைத் தூக்கி எறிந்தே காட்டினாராம். அறிவை உடலில் எழுதும் அந்த முறையிற் கானோ பயன் கண்டார்; எனினும் அதனோடு நிறைவடையவில்லை. 1882 இல் எய்ஷோஜி என்ற கோயிலில், 12 பாய்கள் விரித்த இடத்தில், ஒருசில மாணவருடன் கோடோகானைத் தொடங்கியபோது, எறிதலை மூன்று கூறுகளாகப் பகுத்து விளக்கினார்: எதிரியின் சமநிலையைக் குலைத்தல், தன் உடலை உரிய இடத்திற் பொருத்துதல், பின்னரே எறிதல். ஏன் விழுந்தோம் என்பதை விழுந்தவனும் அறிந்துகொள்ளும் கல்வி இவ்வாறு பிறந்தது. தானும் பிறரும் ஒருங்கே வளம்பெறுதல் என்பதை அவர் 1922 இல் ஜூடோவின் கோட்பாடாகவே அறிவித்தார். மனிதனை வெறும் சாதனமாக நடத்தலாகாது என்று ஜெர்மானியத் தத்துவஞானி காண்ட் கூறிய நெறியைப் பாயின்மீது நடைமுறைப்படுத்த வேண்டுமாயின் அதற்கு வழி ஒன்றுதான்: இப்போது எறிபவன் அடுத்த முறை எறியப்பட வேண்டும். முறை மாறும் வரையில், உடலைக் கொடுப்பது கடன். மாறாதபோது அது வரியாகிவிடுகிறது.

முறை மாறாத மரபொன்று உண்டே என்று சிலர் வினவலாம். உண்மைதான். 1912 இல் வகுக்கப்பட்ட கெண்டோக் காத்தாக்கள் பத்திலும் தாக்குபவரின் இடம் ஆசிரியருக்குரியது. எதிர்கொள்பவரின் இடம் மாணவருக்குரியது. பழைய வாட்பள்ளிகள் பலவற்றின் வழக்கமும் இதுவே. ஆனால் பத்திலும் தோற்பவர் யார்? தாக்குகின்ற ஆசிரியரே. மாணவனின் ஆற்றலறிந்து, அவனது எல்லைக்குச் சற்று மேலாக, பொய்யற்ற ஒரு வீச்சை வழங்கி, அவன் வெல்லும் வழியைத் திறந்துவிட்டு, அவர் தோற்கிறார். இங்கு உயர்ந்தோரும் தாழ்ந்தோரும் உளர் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் இழப்பு உயர்ந்தவரின் பங்கிற் சேர்க்கப்பட்டிருக்கிறது. இத்தகைய ஏற்றத்தாழ்வைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை. நாள்தோறும் கரும்பலகையின் முன் நிற்கும் நம்மவரிற் பலர், மாணவன் நம்மை வெல்லும் நாளை உள்ளூர விரும்புகிறோமா என்பது வேறு விடயம்.

வரலாறோ கானோவின் கோட்பாட்டோடு ஒத்து நடக்கவில்லை. 1931 இல் ஜூடோவும் கெண்டோவும் யப்பானின் ஆண்கள் நடுத்தரப் பாடசாலைகளிற் கட்டாயமாக்கப்பட்டன. படையெடுப்புக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த அரசுக்கு வேண்டியது கட்டளைக்கு அடங்கும் உடல்கள். ஒருங்கே வளம்பெறுதல் அதன் நோக்கமாக இருக்கவில்லை. வீழ்வதற்குச் சம்மதித்தவனும் வீழ்த்தப்பட்டவனும் அங்கே ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டனர். கானோ 1938 இல் கப்பற்பயணத்தின்போது காலமானார். போருக்குப்பின் நேசநாட்டு ஆட்சி பாடசாலைகளில் இக்கலைகளைத் தடைசெய்தது. 1950 இல் ஜூடோ மீண்டும் அனுமதி பெற்றது. 1964 இல் ரோக்கியோ ஒலிம்பிக் அரங்கில் ஒல்லாந்தரான அன்ரன் கீசிங், யப்பானின் கமினாகா அக்கியோவை வென்றபோது உலகம் அதனை ஒரு நாட்டின் வீழ்ச்சியாகவே பேசியது. வெற்றி ஒன்றே கணக்கு என்ற மனப்பாங்கு வேரூன்றியதை இதிலிருந்து உணரலாம்.

பெண்கள் நிலை இன்னும் சிந்திக்கத்தக்கது. கானோ அமைத்த காத்தாக்களுள் 'ஜூ-நோ-காத்தா' தனித்தன்மை உடையது. அதன் 15 உத்திகளும் மெதுவாக, முழு உடலும் ஒன்றாக இயங்கும்படி இருவர் சேர்ந்து செய்பவை. ஏற்பவர் தூக்கப்படுகிறார், ஆனால் எறியப்படுவதில்லை. சாதாரண உடையிலும் செய்யலாம். இவ்வழகிய பயிற்சியையே பெண்களுக்கு உரியதாக ஒதுக்கி, போட்டியை அவர்களுக்கு மறுத்தனர். ஹாச்சினோசுகேயின் பேர்த்தியான ஃபுகுதா கெய்கோ இக்காத்தாவிற் பெரும் புலமை பெற்றவர். 1964 இல் ஒலிம்பிக் விழாவிலும் அதனை நிகழ்த்திக் காட்டியவர். ஆயினும் பெண்கள் 5 ஆம் தரத்துக்கு மேல் உயரலாகாது என்ற வழக்கத்தினால் 1953 தொடக்கம் 1972 வரை அதே தரத்தில் நிறுத்தப்பட்டார். பெண்களுக்கான உலகப் போட்டி முதன்முதலாக 1980 இல் நியூயோர்க்கில் நடைபெற்றது. ஒலிம்பிக்கில் அவர்களது ஜூடோ பதக்கப் போட்டியானது 1992 இல். மென்மையே இக்கலையின் உச்சம் என்று போற்றிய அதே நிறுவனம், மென்மையில் தேர்ந்தவரைப் படியேற விடவில்லை. பயிற்சியின் அழகு அதனைச் சூழ்ந்த அநீதியை மறைக்கும் திரையாகவும் பயன்படக்கூடும்.

எனினும் மிகக் கொடிய செய்தி பாடசாலைகளிலிருந்தே வருகிறது. 1983 முதற் சுமார் முப்பது ஆண்டுக் காலத்துள் யப்பானியப் பாடசாலைகளில் ஜூடோவினால் நூற்றுக்கு மேற்பட்ட மாணவர் இறந்துள்ளனர் என்பதை ஆய்வாளர் வெளிப்படுத்தினர். இறந்தோரிற் பெரும்பாலோர் கற்கத் தொடங்கிய முதலாண்டு மாணவர். காரணமும் மறைவானதன்று. காலைப் பின்புறமாக வாரி எறியும் 'ஓசோத்தோகாரி' போன்ற உத்தியில், வீழும் முறை அறியாதவனின் தலை பின்னோக்கி விசையுடன் வீசப்படுகிறது. தலை நிலத்தில் மோதாவிடினும், மண்டையோட்டினுள் மூளை சுழன்று அசைவதால் குருதிக்குழாய்கள் அறுந்து குருதி கசியலாம். பலமுறை தொடர்ந்து எறியப்பட்டுக் களைத்தவனுக்கு ஆபத்து இரட்டிப்பு. கழுத்தை விறைத்துக்கொள்ளும் வலு களைப்புடன் போய்விடுகிறது. முன்பு நாம் கூறிய முறைமாற்றம் இங்கு எங்கே? அனுபவம் மிக்க மூத்தவன் எறிகிறான்; புதியவன் எழுந்து எழுந்து விழுகிறான்; போதும் என்று சொல்லும் உரிமை அவனுக்கில்லை. உடற்பயிற்சி என்ற பெயரில் இதனை நாம் ஏற்றுக்கொள்வோமாயின், வயலில் மயங்கி விழும்வரை கூலியாளை வேலைவாங்கியவனைக் குறைகூற நமக்குத் தகுதி இல்லை.

2012 இல் யப்பானியக் கனிட்ட இடைநிலைப் பாடசாலைகளிற் போர்க்கலை மீண்டும் கட்டாயமாயிற்று. பெற்றோர் அஞ்சியதிற் புதுமை இல்லை. 2013 இல் தேசிய மகளிர் அணியினர் 15 பேர், தம்மைப் பயிற்றுவித்தோர் அடித்தும் இழிவுபடுத்தியும் வந்ததைத் துணிந்து முறையிட்டதனால் தலைமைப் பயிற்றுநர் பதவி விலக நேர்ந்தது. 2022 இல் அகில யப்பானிய ஜூடோச் சம்மேளனம் ஆரம்பப் பாடசாலைச் சிறுவருக்கான தேசியத் தனிநபர் போட்டியை நிறுத்தியது. வெற்றி வெறியினால் சிறுவரின் உடல் எடையைக் குறைக்க வைப்பதும், பெற்றோரும் பயிற்றுநரும் நடுவரை வைது கூச்சலிடுவதும் எல்லை மீறியதே அதற்குக் காரணம். தமது சொந்தத் துறையின் பெருமைக்கு எதிராக ஒரு நிறுவனம் எடுத்த இம்முடிவைப் பாராட்டத்தான் வேண்டும். ஊக்கமே குன்றிவிடும் என்று எதிர்த்தோரும் உண்டு. போட்டி இல்லாவிடில் எறியக் கற்கும் ஆவல் சிறுவருக்கு எங்கிருந்து வரும் என்பது அவர்கள் கேள்வி.

அக்கேள்விக்கு வகுப்பறையிலேயே விடை தேடலாம். நன்கு நடத்தப்படும் கூடத்திற் புதியவன் முதலிற் பல வாரங்கள் வீழவே கற்கிறான்: தாடையை மார்போடு சேர்க்கவும், முதுகை வளைக்கவும், கையாற் பாயை அறைந்து விசையைப் பரப்பவும். பின்னர் எறியக் கற்கும்போது அவனுக்கு இன்னொன்றும் சொல்லப்படுகிறது. எறிந்த பின்னும், வீழ்பவனின் சட்டைக்கையைப் பற்றிய கை விடலாகாது. அதனை மேல்நோக்கி இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். வீழ்பவனின் தலை பாயில் மோதாமற் காப்பதில் அந்தப் பிடிக்குப் பெரும் பங்குண்டு. அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பாடவேளை கூடத் தேவையில்லை. ஆனால் களைப்பிலும் வெற்றிக் களிப்பிலும் மாணவர் முதலில் மறப்பது அதைத்தான் என்பதால், ஒவ்வொரு நாளும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.