மூக்கறிந்ததை மூளைக்கு மறைப்பதா?

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 26. நள்ளிரவு. எண்ணூரை அடுத்த பெரியகுப்பத்து மக்கள் உறக்கம் கலைந்து எழுந்தனர். எழுப்பியது புயலன்று, பொங்கிவந்த அலையுமன்று. மூக்கைத் துளைத்தது ஒரு நெடி! கண் எரிந்தது; மூச்சு முட்டியது; வீட்டைவிட்டு வெளியேறி ஓடினர். கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியாவைக் கொண்டுசெல்லும் கடலடிக் குழாயில் கசிவு! நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

இத்தகைய இரவுகளுக்குப் பின் எழும் குரல் ஒன்றுண்டு: "இந்த இரசாயனமே நமக்கு வேண்டா!" வேதனையில் பிறந்த குரல், வெறுக்கத்தக்கதன்று. ஆயினும், எண்ணிப் பார்த்தல் வேண்டும். உலையிலிடும் உப்பு இரசாயனம். துணி வெளுக்கும் சோடா இரசாயனம். குடிநீரில் கிருமியைக் கொல்லும் குளோரின் இரசாயனம். ஏன், ஊரை ஓடவைத்த அந்த அம்மோனியாவும் உரமாகி, வயலில் நெல்லாகி, நம் கலத்திலே சோறாகிறது. காற்றிலுள்ள நைட்ரஜனை ஐதரசனோடு இணைத்து அம்மோனியா ஆக்கலாமென்று 1909-இல் காட்டியவர் ஜெர்மன் அறிஞர் ஃபிரிட்ஸ் ஹேபர். அதே ஹேபர்தான், 1915 ஏப்ரல் 22 அன்று ஈப்பர் போர்முனையில் குளோரின் நச்சுக்காற்று ஏவப்படுவதற்கு முன்னின்றவர். சோறிட வழிகண்ட மூளையே சாவிடவும் வழிகண்டது!

பொருளிலே குற்றமில்லையெனில், குற்றம் எங்கே? "பயன்படுத்துவோர் கையில்" என்பது பழகிப்போன விடை. பாதி விடையே அது என்போம் நாம். அந்தக் கை செய்வது இன்னதென்று பிறர் அறிந்தாலன்றோ, தவறும்போது தடுக்க முடியும்?

வேதியியலின் வரலாறே இதற்குச் சான்று. இச்சொல்லை வேதியர் தந்தனரோ என்று ஐயுற வேண்டா. ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதை 'வேதித்தல்' என்றனர் நம் முன்னோர். இரும்பையும் ஈயத்தையும் பொன்னாக்க முயன்ற இரசவாதிகள், இங்கும் சரி, ஐரோப்பாவிலும் சரி, தாம் கண்டதை மறைமொழியில் பூட்டினர். குருவுக்கும் சீடனுக்கும் மட்டுமே திறவுகோல்! பூட்டிய அறிவைச் சோதிப்பார் இல்லை, திருத்துவாரும் இல்லை. 1661-இல் இராபர்ட் பாயில் அம்மூடுமொழியைச் சாடினார். 1787-இல் லவாசியேயும் அவர்தம் தோழர்களும், பெயரைக் கேட்டாலே பொருளின் கூறு விளங்கும்வண்ணம் புதுப்பெயர்கள் வகுத்தனர். மறைத்தவரை அது வாதம், திறந்தபின்தான் அறிவியல்.

திருவொற்றியூருக்கு வருவோம். சுவீடன் நாட்டுத் தீப்பெட்டி நிறுவனத்தின் வழிவந்த விம்கோ ஆலை அங்கே இயங்கியது. அதன் பெயர் இன்று இரயில் நிலையத்தில் நிற்கிறது. ஒரு தீக்குச்சிக்குப் பின்னே எத்துணைக் கண்ணீர்! பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல நாடுகளில் வெண்பாஸ்பரஸ் கொண்டு குச்சி செய்த தொழிலாளரின் தாடை எலும்பு அழுகிற்று. 1888-இல் இலண்டன் தீப்பெட்டித் தொழிலாளப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்து தம் அவலத்தை உலகறியச் செய்தனர். 1906-இல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி அந்த நஞ்சை விலக்க உடன்பட்டன. 1913-இல் இந்தியாவிலும் சட்டம் வந்தது. பெட்டியின் பக்கத்திலே செம்பாஸ்பரஸ் பூசிய தீப்பெட்டி நிலைத்தது. தனிமம் ஒன்றே, வெண்மை கொன்றது, செம்மை காத்தது. மாற்றத்தைக் கொணர்ந்தது அருளா? வேண்டுதலா? இல்லை! துன்பம் வெளிப்பட்டது, அறிவு பொதுவாயிற்று, சட்டம் பிறந்தது.

1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு பரவிய இரவிலோ, எந்த வாயு, என்ன மாற்று என்றறியாது மருத்துவர்களே திகைத்தனர். அதன்பின் 1987-இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைச் சட்டம், ஆலையின் ஆபத்துகளையும் தற்காப்பு முறைகளையும் தொழிலாளர்க்கு மட்டுமன்றி, அருகில் வாழும் பொதுமக்களுக்கும் அறிவித்தாக வேண்டுமென்று விதித்தது. ஏட்டிலே எழுதிற்று நாடு. எண்ணூர்க் குப்பத்தின் காதிலே ஓதியவர் யார்?

"பாமரனுக்கு அமிலமேது, காரமேது? சொன்னால் வீண் பீதியன்றோ கிளம்பும்?" என்பர் சிலர். பழைய குரல்! "இவனுக்கு எழுத்தெதற்கு?" என்று கேட்டதே, அதன் தம்பி! அம்மோனியா நீரிலே மிக எளிதாகக் கரையும். ஆகவே ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடி, காற்றுக்குக் குறுக்கே விலகிச் செல்க. இவ்வளவே பாடம்! வாடை எது, கொண்டல் எது என்று உடம்பாலேயே உணரும் கடலோடிக்கா இது விளங்காது? காற்றை அவன் அறிவான். காற்றில் நீங்கள் கலந்ததைத்தான் அவன் அறியான். அறியாமை அவனுடையதன்று, அவன்மீது சுமத்தப்பட்டது.

ஆகவே நாம் கேட்பது ஆலையை மூடுவதற்கான சாபமன்று. அறிவைத் திறப்பதற்கான உரிமை. இராயபுரம் முதல் எண்ணூர் வரை ஒவ்வோர் ஆலை வாயிலிலும், உள்ளே இருக்கும் பொருளின் பெயரும், அதன் தீங்கும், தற்காப்பும் நல்ல தமிழில் எழுதப்படட்டும். அவ்வூர்ப் பள்ளிகளில் வேதியியல் பாடம் அந்தப் பலகையிலிருந்தே தொடங்கட்டும். ஆபத்தில் பங்கு தந்தீர்கள். அறிவிலும் பங்கு தாருங்கள். நெடியை நுகரும் மூக்குக்கு, அந்நெடியின் பெயரை அறியும் உரிமையும் உண்டு.