கோட்டை மிதித்த கால்

பௌர்ணமிக் கூட்டம் வடிந்த மறுநாள் அது. கிரிவலப் பாதையில் இன்னும் குப்பை அள்ளிக்கொண்டிருந்தார்கள். திருவண்ணாமலையில் ஒரு பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். இறந்தவர் பெயர் வேண்டாம். 'கபடி அண்ணன்' என்றால் அந்தத் தெருவில் வழி காட்டுவார்கள், அது போதும்.

பந்தலில் உட்கார்ந்திருந்த எல்லோரும் ஒரே கதையைத்தான் பேசினார்கள். ஒரு இறுதி ஆட்டம். அண்ணன் டீம் ஒரு பாயின்ட் பின்தங்கி இருக்கிறது. கடைசியாகப் பாடிப் போனவர் அண்ணன். இரண்டு பேரைத் தொட்டாயிற்று. திரும்பி ஓடி வரும்போது பக்கக் கோட்டை மிதித்துவிட்டார். அவ்வளவுதான். கப்பு போச்சு.

அதை எழுந்து நின்று நடித்தே காட்டினார் ஒருவர். சிரிப்பு. துக்க வீட்டில் சிரிக்கலாமா என்று கேட்காதீர்கள், நம் ஊரில் பதினாறாம் நாள் சிரிப்பு வந்துவிடும். நானும் என் பங்குக்கு ஒரு வரி சேர்த்தேன்.

உள்ளேயிருந்து அண்ணி வந்தார். "நாப்பது வருஷம் ஆடினாரு, ஆட்டம் சொல்லிக் குடுத்தாரு. நீங்க எல்லாரும் அந்த ஒரு அடியை மட்டும் எடுத்துவெச்சிக்கினீங்களேப்பா" என்றார். கோபமாகக்கூட இல்லை. காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு எம்.ஜே.கோபாலன் ஞாபகம் வந்தது.

சென்னைக்காரர்களில் வயதானவர்களுக்குத் தெரியும். செங்கல்பட்டுப் பக்கம் மொறப்பாக்கத்தில் பிறந்தவர். கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1935-ல் தியான்சந்தோடு நியூசிலாந்துக்கு ஹாக்கி ஆடப் போனார். அடுத்த வருடம் இரண்டு கதவு ஒரே நேரத்தில் திறந்தது. ஒன்று பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி, இன்னொன்று இங்கிலாந்துக்கு கிரிக்கெட் டூர். கோபாலன் கிரிக்கெட் கப்பலில் ஏறினார். விஜயநகரம் மகாராஜகுமார் கேப்டனாக இருந்த, சண்டையும் சச்சரவுமான டூர் அது. லாலா அமர்நாத்தைப் பாதியில் ஊருக்குத் திருப்பி அனுப்பிய டூர். மூன்று டெஸ்டில் ஒன்றில்கூட கோபாலனை இறக்கவில்லை. அந்த ஆகஸ்ட் 15-ம் தேதி பெர்லினில் ஜெர்மனியை 8-1 என்று அடித்து இந்தியா தங்கம் வாங்கியது.

2003 டிசம்பரில் கோபாலன் இறந்தார். அப்போது உலகத்திலேயே வயதில் மூத்த டெஸ்ட் ஆட்டக்காரர் அவர்தான். ஆனால் இன்றைக்கும் அவர் பேச்சை எடுத்தால் முதலில் வருவது 'தங்கத்தைக் கோட்டை விட்டவர்' என்ற கதை.

1934 நவம்பர் 4-ம் தேதி சேப்பாக்கத்தில் ரஞ்சி டிராபியின் முதல் பந்தை வீசியவர் இவர் என்பதை எத்தனை பேர் சொல்கிறார்கள்? மைசூரோடு நடந்த அந்த மேட்ச் ஒரே நாளில் முடிந்துபோனது. மைசூர் 48, அப்புறம் 59. பதினோரு விக்கெட் எடுத்து அவர்களைச் சுருட்டியவர் ஏ.ஜி.ராம்சிங். இவருக்கோ கடைசிவரை ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. மகன்கள் கிருபால்சிங்கும் மில்காசிங்கும் டெஸ்ட் ஆடினார்கள். ஆகவே அவர் 'கிருபாலின் அப்பா' ஆகிவிட்டார். பதினோரு விக்கெட் எடுத்த கைக்கு இதுதான் மிச்சம்.

கோபாலன் ஆடியது ஒரே டெஸ்ட். 1934 ஜனவரி, கல்கத்தா. ஒரு விக்கெட். கணக்குப் புத்தகத்தில் ஒரு வரிக்கு மேல் வராது. அப்படியானால், அந்த பெர்லின் கதை இல்லாவிட்டால் அவரை யாராவது நினைத்துப் பார்ப்போமா? இதை யோசித்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது. நஷ்டக் கதைதான் அவரை உயிரோடு வைத்திருக்கிறது. ஆனால் உயிரோடு இருப்பது அவர்தானா, அல்லது 'ஐயோ பாவம்' என்று சொல்ல நமக்குக் கிடைத்த ஒரு பொம்மையா?

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதில் ஒரு பழைய பாடம் பக்கத்திலேயே இருக்கிறது. செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள், அல்லது பஸ் ஜன்னலில் பார்க்காமலே தாண்டியிருப்பீர்கள். எடுத்தனூர் கல் ஒன்று இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34-வது ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கப் போய் விழுந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு நட்டது. அவன் பக்கத்திலேயே அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதற்குப் பெயர் கோவிவன். திருடனைக் கடித்துக் காவல் நின்றது என்று அந்த நாய்க்கும் சேர்த்து எழுதிவைத்தார்கள். ஆயிரத்து நானூறு வருடமாக ஒரு நாயின் பெயர் நிற்கிறது!

அந்தக் கல்லில் எனக்குப் பிடித்தது வேறு. 'இன்னும் கொஞ்சம் சாமர்த்தியமாக இருந்திருந்தால் பிழைத்திருப்பான்' என்று அதில் இல்லை. வேறு எங்கே போயிருக்கலாம் என்றும் இல்லை. யார், என்ன செய்தான், எதற்காக விழுந்தான். முடிந்தது. அவனும் தோற்றவன்தானே, செத்துத்தானே போனான்? கல் நட்டவர்கள் அதைத் தோல்வியாக எழுதவில்லை.

நாம் நேர்மாறாகச் செய்கிறோம். ஒருவன் செய்ததைப் பின்னுக்குத் தள்ளி, செய்யாமல் போனதை முன்னால் வைக்கிறோம். அதில் நமக்கு ஒரு சுகம் இருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன். தியான்சந்த் மாதிரி ஆட நம்மால் முடியாது, ஆனால் தப்பான கப்பலில் ஏற நம் எல்லோராலும் முடியும். தோற்றவனைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்வது சுலபம். செத்தவன் எழுந்து வந்து, 'இல்லப்பா, அப்படி இல்லே' என்று சொல்லப்போவதும் இல்லை.

ஒரு நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் மடக்கினார். "சார், கபடி அண்ணனே அந்தக் கதையை ஆயிரம் தடவை சொல்லிச் சிரிச்சிருக்காரு. நாம சொன்னா தப்பா?"

நியாயமான கேள்வி. எனக்கும் அவரே சொல்லியிருக்கிறார், டீக்கடை பெஞ்சில், காலை நீட்டி 'இந்தக் கால்தான்' என்று காட்டி. பதில் தெரியாமல் அடுத்த முறை போனபோது அண்ணியிடமே கேட்டேன்.

"அவர் சொன்னா, அடுத்த நாள் காலைல அஞ்சு மணிக்கு அதே காலோட கிரவுண்டுக்குப் போவாரு தம்பி. சுண்ணாம்பு வாங்கிக் கோடு போட்டு பசங்களுக்கு ஆட்டம் எடுப்பாரு. அப்ப அது கதைல ஒரு பாதி. நீங்க சொல்லும்போது மீதி எங்க இருக்குது?"

சுண்ணாம்பு வாங்கிய காசு பற்றி எனக்குத் தெரியாது. எத்தனை பசங்கள் என்றும் தெரியாது. அந்தப் பந்தலில் யாருக்குமே தெரிந்திருக்காது. நான் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். "மொதல்ல உக்காருங்க" என்றார் அண்ணி.