அழியும் எழுத்தும் அழியாத அஸ்திபாரமும்

குடியில் சீரழிந்த ஆர்தர் ஸ்டேஸ், 1930-இல் சிட்னி பிராட்வேயிலுள்ள பர்னபா ஆலயத்தில் மனந்திரும்பினார். 1932-இல் நித்தியத்தைப் பற்றிய ஜான் ரிட்லியின் பிரசங்கம் கேட்டார். அதன்பின், அதிகம் எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர், விடியுமுன் நடைபாதைகளில் ‘நித்தியம்’ என்ற ஒரே சொல்லைச் சாக்பீஸால் எழுதிப்போனார், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக. அதுவும் எத்தனை அழகான சாய்வெழுத்து! மழை அழிக்கும், மறுபடி எழுதுவார்.

ஊர்விட்டு வந்த புதிதில், வேலையில்லாத மாதங்களில் என் ஜெபம் வறண்டது. விசுவாசமே போய்விட்டதோ என்று நடுங்கினேன். ஸ்டேஸின் கதைதான் எனக்குத் தெளிவு தந்தது. என் உருக்கம் அந்தச் சாக்பீஸ் எழுத்துப்போல வரும், போகும். போடப்பட்ட அஸ்திபாரம் இயேசு கிறிஸ்துவே என்றுதான் பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். நம் கண்ணீரை அவர் அஸ்திபாரமாக்கவில்லை. சிலுவையும் உயிர்த்தெழுதலும் என் மனநிலையைக் கேட்டு நடந்தவை அல்ல. ஸ்டேஸ் குடியை விட்டதைக்கூட நான் விசுவாசத்துக்கு ஆதாரமாக வைக்கமாட்டேன். அது கிருபையின் கனி.