மரணச் சீட்டில் ஒரு காகம்

முழுக்க முழுக்கக் காகங்களையே வரைந்த டாரட் சீட்டுக்கட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. கறுப்பும் சாம்பலுமாக 78 சீட்டுகள். வீட்டுக்கு வருகிறவர்கள் ஆசையாகக் கையில் எடுப்பார்கள். நாலு சீட்டு புரட்டுவதற்குள் கீழே வைத்துவிடுவார்கள். “இதை எதுக்கு வீட்டுல வச்சிருக்கீங்க?” என்று கேட்காதவர்கள் குறைவு. பூவும் தேவதையுமாக அச்சடித்த கட்டுகள் எத்தனையோ கிடைக்கும்போது இந்த இருட்டு எதற்கு என்பது நியாயமான கேள்விதான்.

எதிர்காலம் அறிவதற்காக அல்ல. கலைத்த கட்டில் எது மேலே வரும் என்பது தற்செயல், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்பது என் கட்சி. டாரட் பிறந்ததே விளையாட்டுக்காக. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பொழுதுபோக்காக ஆடிய சீட்டாட்டம் அது. 1781இல் பிரான்சைச் சேர்ந்த கூர் த ஜெபலாங் என்பவர், இது பழைய எகிப்தியரின் ஞானநூல் என்று ஆதாரம் எதுவுமில்லாமல் எழுதிவைத்தார். குறி பார்க்கும் மோகம் சூடு பிடித்தது அதன் பிறகுதான்.

இன்று நாம் பரவலாகப் பார்க்கும் டாரட் படங்களுக்கு முன்மாதிரி 1909இல் வெளிவந்தது. ஆர்தர் எட்வர்ட் வெயிட் என்பவருக்காக ஓவியர் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த கட்டு அது. அதற்கு முன் பெரும்பாலான கட்டுகளில் ‘ஐந்து கோப்பை’ என்றால் ஐந்து கோப்பைகள், அவ்வளவுதான். பமீலா அதில் கறுப்பு அங்கி போர்த்தித் தலை குனிந்து நிற்கும் ஓர் ஆளைச் சேர்த்தார். முன்னால் கவிழ்ந்து கிடக்கும் மூன்று கோப்பைகள், முதுகுக்குப் பின்னால் கவிழாத இரண்டு. அருமையான படம். ஆனால் பார்த்தவுடனே துக்கம் என்று சொல்லிவிடுகிறது. பார்ப்பவர் சொல்ல அதிகம் மிச்சம் வைப்பதில்லை.

காகம் அப்படியில்லை. அது அலகைத் தாழ்த்தியிருந்தால் அழுகிறதா, இரை தேடுகிறதா, சும்மா அலகைத் தீட்டுகிறதா என்று யாரால் சொல்ல முடியும்? சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ஸ்லஃபும் அவருடைய குழுவும் 2006இல் முகமூடி அணிந்து சில காகங்களைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி விட்டார்கள். அந்த முகமூடியை யார் போட்டு நடந்தாலும், வருடக்கணக்கில் காகங்கள் சூழ்ந்துகொண்டு கத்தின. நம் முகம் அவற்றுக்கு மனப்பாடம். அவற்றின் முகமோ நமக்குப் பிடிபடுவதே இல்லை. பிடிபடாத இடத்தில் நம் மனசில் இருப்பதைத்தான் நிரப்புகிறோம். இந்தக் கட்டு எனக்குப் பயன்படுவது அதனால்தான்.

அந்த இருட்டும்கூடப் பார்ப்பவரைப் பொறுத்ததுதான். ‘டிலன் டாக்’ என்ற திகில் படக்கதைக்கு வரைந்த இத்தாலிய ஓவியர் கொர்ராதோ ரோய் கறுப்பு வெள்ளையில் ஒரு காக டாரட் வரைந்திருக்கிறார். அவரைப் போன்ற ஐரோப்பியர்களுக்குக் காகம் போர்க்களத்துப் பிணத்தின் மேல் வந்து உட்காரும் பறவை. நம் வீட்டில் அது கரைந்தால் விருந்தாளி வருவார் என்று உலை வைக்கிறோம்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா. அப்பா இறந்தபின் ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டை விற்பதா வேண்டாமா என்று தம்பியோடு இழுபறி. “எனக்கும் ஒரு சீட்டு வையேன்” என்றார். கலைத்துக் கொடுத்தேன். இடது கையால் வெட்டி ஒன்றை எடுத்துத் திருப்பினார். 13ஆம் எண், ‘மரணம்’. மொட்டைக் கிளையில் ஒற்றைக் காகம். எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. அவரோ சீட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, “அப்பா சாப்பிட வந்திருக்காரு பாரு” என்றார்.

பிறகு அவராகவே பேசினார். அமாவாசைக்கு அந்த வீட்டுக் கொல்லையில் மதில்மேல் சோறு வைப்பது அவர்தான். வீடு கைமாறினால் எங்கே வைப்பது? விலையும் பங்கும் பேச்சில் தலைகாட்டவே இல்லை.

“அதுக்கு அந்த வீடுதான் வேணுமாக்கா?”

“அதைத்தான் தம்பிகிட்ட கேக்கணும். நான் காசுக்காக இழுக்கறேன்னு அவன் நினைச்சிட்டிருக்கான்.”

நான் கேட்டது அந்த ஒரு கேள்வி மட்டும்தான். பூவும் தேவதையும் வந்திருந்தால், “நல்லதா வந்திருக்கு” என்று சொல்லிக் காபி குடித்துவிட்டுப் போயிருப்பார். இனிப்பான படம் நம்மைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிடும்.

இங்கே பேசியது அக்கா. கிளி ஜோசியத்திலோ சீட்டை எடுப்பது கிளி, பேசுவது ஜோசியர், தலையாட்டுவது நாம். டாரட்டையும் அப்படி நடத்துகிறவர்கள் ஏராளம். எதிரில் இருப்பவர் வாயைத் திறக்குமுன் பொருள் சொல்லி, பலன் சொல்லி, பயத்தையும் விதைத்துவிடுவார்கள்.

யாருக்காவது சீட்டு வைத்தால், அது திரும்பியதும் முதலில் அவரைப் பேச விடுங்கள். கையேட்டைப் பிறகு புரட்டிக்கொள்ளலாம். நோய், வழக்கு, கடன் என்று வந்தால் சீட்டை மூடிவிட்டு மருத்துவரிடமோ வக்கீலிடமோ அனுப்புங்கள். நீங்கள் சீட்டு பார்க்கப் போன இடத்தில் மரணச் சீட்டைக் காட்டிப் பரிகாரத்துக்குத் தொகை கேட்டால், ஒரு பைசா கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.