பார்ட்டி வரும்போது நீ பேசாதே

பழைய வீட்டை விற்பதென்று முடிவான நாளிலிருந்து அங்கே நடப்பவை எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். விரிசல்களுக்குப் பட்டி பார்க்கிறார்கள். ஓதம் ஏறிய சுவருக்கு இரண்டு கோட்டிங் பெயின்ட் அடிக்கிறார்கள். குளியலறை டைல்ஸில் படிந்த உப்புக் கறையை ஆசிட் ஊற்றித் தேய்க்கிறார்கள். பரண் காலியாகிறது. பால்கனிக் கொடியில் இனித் துணி காயக்கூடாது. ஆள் வருகிற நாளில் மீன் வாங்குவதில்லை. காலையிலேயே சாம்பிராணி போட்டு, வாசலில் வழக்கத்தைவிடப் பெரிய கோலமாகப் போட்டு, சமையல் மேடையில் ஒரு டம்ளர்கூட இல்லாமல் துடைத்து வைக்கிறார்கள். பிறகு தரகர் போன் செய்கிறார்: பார்ட்டி கிளம்பிவிட்டது.

இவற்றில் பட்டிக்கும் பெயின்டுக்கும் கூலி உண்டு. செலவுக் கணக்கில் அவை ஏறும். மற்றதெல்லாம் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் தலையில் விழும். எந்தக் கணக்கிலும் ஏறாது. கூலியில்லாத வீட்டுவேலை பற்றிப் பெண்ணியம் நெடுங்காலமாகப் பேசிவருவது இங்கும் பொருந்தும். ஆனால் வீட்டு விற்பனையில் இன்னொன்றும் நடக்கிறது. எல்லாவற்றையும் துடைத்து முடித்தபின் அவளுக்குக் கடைசியாக ஒரு வேலை சொல்லப்படுகிறது. "பார்ட்டி வரும்போது நீ எதுவும் பேசாதே" என்று கணவன் சொல்லலாம். "அம்மா, நீங்க உள்ளயே இருங்க" என்று மகன் மரியாதையாகச் சொல்லலாம். "மேடம் வெகுளியா எதையாவது சொல்லிடுவாங்க சார்" என்று தரகர் சிரித்தபடி சொல்லலாம். யார் சொன்னாலும் பொருள் ஒன்றுதான். இந்தக் கட்டுரை அந்தக் கடைசி வேலையைப் பற்றியது.

அவள் ஏன் பேசக்கூடாது? அவளுக்குத் தெரியும் என்பதால்தான். வடக்குச் சுவரில் ஓதம் எந்த மாதம் தொடங்கும், எவ்வளவு உயரம் ஏறும். போர் தண்ணீர் கோடையில் எப்படி உப்புக் கரிக்கும், அதில் பருப்பு வேக எத்தனை விசில் கூடுதலாக வைக்க வேண்டும். குளியலறைத் தரையின் வாட்டம் எந்தப் பக்கம் தவறியிருக்கிறது. மேல்வீட்டுக் கழிவுக் குழாய் எங்கே கசிகிறது. மழை நாளில் எந்த ஜன்னலுக்கடியில் பழைய துணியைச் சுருட்டி வைக்க வேண்டும். இருட்டிய பிறகு அந்தச் சந்தில் ஒரு பெண் தனியாக நடந்து வர முடியுமா. இவற்றில் எதுவும் வில்லங்கச் சான்றிதழில் இருக்காது. கிரையப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் நான்கு எல்லைகளும் சதுர அடியும் இருக்கும். பழைய பத்திரங்களில் மாவடை மரவடைகூட இருக்கும். வீடு எப்படி இருக்கிறது என்ற அறிவு அந்தக் காகிதங்களுக்கு வெளியே, கூட்டிக் கழுவித் துடைத்த கையில் இருக்கிறது. வேலைக்கு ஆள் வைத்திருக்கும் வீடுகளில் வீட்டுக்காரியைவிடப் பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணுக்கு இது கூடுதலாகத் தெரியும். சிங்க் அடைத்துக்கொண்டால் உள்ளே கைவிடுவது அவர்தான்.

வீட்டைப் பற்றி விற்பவர் எதைச் சொல்லியாக வேண்டும் என்று இந்தியச் சட்டம் 1882இலேயே எழுதி வைத்திருக்கிறது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, விற்பவரின் கடமைகளில் முதலாவதாக இதை வைக்கிறது. சொத்திலோ அதன் உரிமையிலோ முக்கியமான குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் அவரால் கண்டுபிடிக்க முடியாததாகவும் இருந்தால், விற்பவர் அதை வெளிப்படுத்த வேண்டும். வெளிப்படுத்தாமல் விடுவதை அந்தப் பிரிவு மோசடி என்றே சொல்கிறது.

நல்ல சட்டம்தான். ஆனால் அதில் 'விற்பவர்', 'தெரிந்தவர்' இருவரும் ஒரே ஆள் என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. நம் வீடுகளில் அவர்கள் பெரும்பாலும் இரண்டு பேர். பத்திரம் ஒருவர் பெயரில் இருக்கிறது. வீட்டைப் பற்றிய அறிவு இன்னொருவரிடம் இருக்கிறது. பத்திரம் வைத்திருப்பவர் காலையில் கிளம்பி இரவில் திரும்புகிறார். சுவர் நனைந்தால் யாரோ துடைத்திருக்கிறார்கள், தண்ணீர் வராவிட்டால் யாரோ குடத்தில் பிடித்து வைத்திருக்கிறார்கள். "வீட்டில் ஒரு குறையும் இல்லை சார், இருபது வருஷமா இருக்கோம்" என்று அவர் சொல்லும்போது பொய் சொல்கிறார் என்றுகூடச் சொல்ல முடியாது. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. குறைகள் அவர் கண்ணில் படாமல் இன்னொருவர் இருபது வருடம் பார்த்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட அறியாமையை அப்பாவித்தனம் என்று விட்டுவிட முடியாது. வசதி இருப்பவருக்கு மட்டுமே கிடைக்கும் அறியாமை அது. ஒருவர் தெரியாதவராகவே இருப்பதற்கு இன்னொருவர் எல்லாவற்றையும் தெரிந்துவைத்திருக்க வேண்டியிருக்கிறது. விற்கும் நாளில் அந்த அறியாமை காசாகிறது. தெரியாதவர் கூடத்தில் உட்கார்ந்து நல்ல மனசாட்சியோடு விலை பேசுகிறார்; தெரிந்தவள் உள்ளே இருக்கிறாள். வாங்குபவரை ஏமாற்றுவதும் பெண்ணை வாயடைப்பதும் இரண்டு தனித்தனித் தவறுகள் என்றே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். இங்கே ஒரே செயலில் இரண்டும் நடந்துவிடுகின்றன.

சென்னையின் தரைத்தள வீடுகளை எடுத்துக்கொள்வோம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூரிலும் வேறு பல பகுதிகளிலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி மறுபடி நீரில் நின்றது. வெள்ளம் வடிந்த வீட்டின் சுவரில் தண்ணீர் நின்ற உயரத்துக்கு ஒரு கோடு இருக்கும். அதற்கு மேல் பெயின்ட் அடித்துவிட்டால், கோடைகாலத்தில் வந்து பார்ப்பவர் எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்த அரிசி மூட்டையையும், பீரோவின் அடித்தட்டில் இருந்த புடவைகளையும், பிள்ளைகளின் சான்றிதழ்களையும் அள்ளி மாடிக்குக் கொண்டுபோனவளுக்குக் கோடு எங்கே இருந்தது என்று தெரியும். அவளிடம் கேட்டால் கையை உயர்த்திக் காட்டிவிடுவாள். அவளிடம் யாரும் கேட்பதில்லை.

அப்படியானால் வீட்டை அழகாக்கிக் காட்டுவதே பொய்யா? இல்லை. அமெரிக்காவில் இது ஒரு தனித் தொழிலாகவே இருக்கிறது. 'ஹோம் ஸ்டேஜிங்' என்று பெயர். 1970களில் சியாட்டில் பகுதியில் வீட்டு விற்பனையில் இருந்த பார்ப் ஷ்வார்ட்ஸ் என்ற பெண்ணின் பெயரோடு அதன் தொடக்கத்தைச் சேர்த்துச் சொல்கிறார்கள். அந்தத் தொழிலின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று, குடும்பப் புகைப்படங்களைச் சுவரிலிருந்து எடுத்துவிடுவது. வருபவர் தம் குடும்பத்தை அங்கே கற்பனை செய்துபார்க்க இடம் வேண்டும் என்பது அதன் காரணம். இதில் தவறில்லை. விருந்தாளி வந்தாலும் நாம் வீட்டைக் கூட்டித்தான் வைக்கிறோம். மாலை போட்ட படத்தை எடுத்து வைப்பதும், மாமனாரின் மாத்திரை டப்பாவை அலமாரிக்குள் வைப்பதும், மகள் ஏன் திரும்பி வந்து இங்கே இருக்கிறாள் என்பதைச் சொல்லாமல் இருப்பதும் குடும்பத்தின் உரிமை. "ஏன் விக்கிறீங்க?" என்ற கேள்விக்குக் கடனையும் நோயையும் மணமுறிவையும் விரித்துச் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் கிடையாது.

எல்லையை இப்படிப் போடலாம்: மறைக்கப்படுவது வருபவரின் பணத்தையும் உடலையும் தொடுமா? மருமகளின் கண்ணீர் தொடாது. கூரையின் கசிவு தொடும். நம் வழக்கத்தில் இந்த எல்லை குழம்பிக் கிடக்கிறது. குடும்ப மானம், சுவரின் ஓதம் இரண்டும் 'வெளியே சொல்லக்கூடாதது' என்ற ஒரே மூட்டையில் கட்டப்படுகின்றன. வீட்டு விஷயம் வெளியே போகக்கூடாது என்று சிறுவயதிலிருந்து பழக்கப்பட்ட பெண்ணுக்கு, கழிவுக் குழாயின் கசிவும் வீட்டு விஷயமாகிவிடுகிறது. அவள் பேசாமல் இருப்பதற்கு மிரட்டல்கூடத் தேவைப்படுவதில்லை.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழும். அவள் மட்டும் ஏன் அரிச்சந்திரனாக வேண்டும்? அந்தப் பணத்தில்தான் மகளின் கல்லூரிக் கட்டணமும் மாமியாரின் அறுவைச் சிகிச்சையும் இருக்கின்றன. அவள் உண்மையைச் சொல்லி விலை இரண்டு லட்சம் இறங்கினால் அந்தப் பழி ஆயுளுக்கும் அவள்மேல்தான். அந்த விலையில் அவள் பங்கு என்ன என்று கேட்டால் பதில் இருக்காது. கட்டடத்தின் மதிப்பைக் கணக்கிடும்போது அதன் வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழிப்பார்கள். அந்தத் தேய்மானத்தை நாள்தோறும் தன் உழைப்பால் தள்ளிப்போட்டவளுக்கு அந்தக் கணக்கில் ஒரு கட்டமும் இல்லை. வேலையில் பங்கு, விலையில் பங்கில்லை, பேச்சில் பங்கில்லை, உண்மைக்கான பொறுப்பு மட்டும் முழுதாக அவளுக்கு என்றால், அது இன்னொரு சுமைதான். தியாகத்தை எப்போதும் பெண்ணிடமே கேட்கும் அறத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை.

நேர்மையை ஒருவரிடம் கேட்பதற்கு முன் முடிவெடுப்பதில் அவருக்கு இடம் தந்திருக்க வேண்டும். நீதிமன்றமும் இந்தப் பக்கம் மெல்ல நகர்ந்திருக்கிறது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்துகள் பற்றிய ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. மனைவி வீட்டையும் பிள்ளைகளையும் கவனித்துக்கொண்டதால்தான் கணவரால் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அந்த உழைப்பும் சொத்து வாங்கியதில் ஒரு பங்களிப்பே என்று அது ஏற்றுக்கொண்டது. அப்படியானால் வீட்டை விற்கும் முடிவிலும், விற்கும்போது சொல்லப்படும் சொல்லிலும் அவளுக்குப் பங்கு இருக்க வேண்டும்.

பத்திரத்தில் பெயர் ஏறிவிட்டால் போதுமா என்றும் கேட்க வேண்டும். 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 23ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டில் பெண் வாரிசுக்குப் பங்கு இருந்தாலும், ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முடிவெடுக்கும்வரை அவள் பாகம் கேட்க முடியாது என்றது அது. 2005இல்தான் அது நீக்கப்பட்டது. மற்ற சொத்துகளைவிடக் குடியிருக்கும் வீட்டில் அவள் சொல்லுக்கு நெடுங்காலம் கூடுதலான தடை இருந்திருக்கிறது. இன்று நிலைமை மாறிவருகிறது. பிரதமர் வீட்டு வசதித் திட்டம் பெண் பெயரையோ கூட்டுப் பெயரையோ வலியுறுத்துகிறது. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் மதிப்புவரையான சொத்தைப் பெண் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது. இவை வேண்டியவை. ஆனால் கட்டணம் குறையும் என்பதற்காகப் பெயர் போடப்பட்ட பெண்ணை, விற்கும் நாளில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப்போய்க் கைரேகை வைக்கச் சொல்லி, விலை என்ன என்பதைக்கூடச் சொல்லாமல் திரும்பக் கூட்டிவருவதும் நடக்கலாம். அப்போது அவளுக்கு இரட்டைச் சிக்கல். சட்டத்தின்படி இப்போது விற்பவர் அவள்; குறை தெரிந்தவரும் அவள். மோசடி என்று நாளை வழக்கு வந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவளாகவே இருப்பாள். பேசாதே என்று சொன்னவரின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

ஆகவே வீட்டை விற்பதற்குத் தயார் செய்வது என்பதைப் பெயின்டில் தொடங்கக் கூடாது. வீட்டைப் பராமரித்தவரை உட்காரவைத்து, இந்த வீட்டில் என்னென்ன குறை என்று கேட்டு எழுதிக்கொள்வதில் தொடங்க வேண்டும். வீட்டு வேலைக்கு வருபவரிடமும் கேட்கலாம். அந்தப் பட்டியலில் சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்யலாம். முடியாததைச் சொல்லி, அதற்கேற்ப விலையை வைக்கலாம். அப்படிச் செய்தால் 'வெகுளியா ஏதாவது சொல்லிடுவாங்க' என்ற பயம் தரகருக்கே தேவைப்படாது. விலை கொஞ்சம் குறையலாம். அந்தக் குறைவை அவள் ஒருத்தியின் குற்றமாக்காமல், குடும்பம் சேர்ந்து எடுத்த முடிவாக ஏற்க வேண்டும்.

வாங்கப் போகும் பெண்களுக்கும் ஒன்று. வீடு பார்க்கப் போகும்போது ஆண்கள் கூடத்தில் நின்று பட்டா, அப்ரூவல், லோன் என்று பேசுவார்கள். நம்மைச் சமையலறைக்கு அனுப்பிவைப்பார்கள். ஐந்து நிமிடமாவது அங்கே அந்த வீட்டுப் பெண்ணோடு தனியாக இருக்கக் கிடைக்கும். மேடையின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் அவரிடம் பேச்சுக் கொடுக்கலாம். "அக்கா, தண்ணி எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால் "அதெல்லாம் ஒரு பிரச்சினையும் இல்லம்மா" என்றுதான் பதில் வரும்; அவருக்குச் சொல்லி வைத்திருப்பார்கள். "மழை பெஞ்சா துணி எங்க காயப்போடுவீங்க? இந்தத் தண்ணில பருப்பு வேகுமா? 2015ல நீங்க இங்கதான் இருந்தீங்களா?" என்று, அவர் கை அறிந்ததைக் கேட்க வேண்டும். அவர் சொல்லாமல் போகலாம். அவருக்கும் அவர் நிர்ப்பந்தம் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டைப் பற்றி அவருக்குத் தெரியும் என்று எண்ணி, பல வருடங்களில் முதல் முறையாக ஒருவர் அவரிடம் கேட்டிருப்பார்.