ஊனுண்ணும் உயிரும் ஊட்டுவோரும்

புலாலுண்ணும் விலங்கொன்றைப் புலாலளித்து வளர்த்தல் சீவகாருணியமாகுமோ என்பது ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள். ஏட்டளவில் எழுந்த வினாவன்று இது. தென்னாப்பிரிக்கத் தமிழன்பர் அழைப்பிற் சென்றிருந்த யாம், பிரிட்டோரியா நகர்க்கு அணித்தாக மகாலீஸ்பர்க் மலையடிவாரத்திலுள்ள சிவிங்கிப்புலி வளர்ப்பகத்தையும் கண்டோம். 1971 ஆம் ஆண்டில் ஆன் வான் டைக் என்னும் அம்மையார் டி வில்ட் என்னுமிடத்தில் நிறுவிய அது, பின்னர் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. அடைப்பினுட் கருவுயிர்த்தல் அரிதென்று கருதப்பட்ட இவ்விலங்கு அங்கே குட்டிகள் பல ஈன்றுள்ளது. 1981 இல், புள்ளிகள் பட்டைகளாய்ப் படர்ந்த அரசச் சிவிங்கியும் பொதுநிறத் தாய்வயிற்றிற் பிறந்து, அது வேறினமோ என்னும் ஐயத்தை அகற்றிற்று.

இவை நன்றே. உணவு யாது? இறைச்சி. வேறோருயிர் மடியாமல் ஒரு சிவிங்கியும் அங்கு வளர்வதில்லை.

விலங்கிற்கு அஃது இயற்கையுணவன்றோ, பழி யாண்டையது எனின், விலங்கிற்குப் பழியில்லை என்பது எமக்கும் உடன்பாடே. தன் உடம்பிற்கு ஏற்றதை அது நுகர்கின்றது; இதனைக் கொள்வேன், இதனை விலக்குவேன் என்னும் தெளிவு அதற்கில்லை. ஆனால் காட்டில் மானுக்கும் கால்களுண்டு. துரத்திய சிவிங்கி பலகால் வெறிதே மீளும். அடைப்பிலோ, முன்னரே மடிந்த உயிரின் ஊன் வாளியில் வருகின்றது. அச்சாவைத் தெரிந்து செய்வித்தவன் மனிதன்.

அற்றேல் பட்டினியிட்டுக் கொல்வதோ எனின், அதனிற் கொடிது பிறிதில்லை. தாயொடு ஏறத்தாழ ஒன்றரையாண்டு திரிந்தே குட்டி வேட்டை கற்கும். தாயிழந்த சிறுகுட்டியைக் காட்டிற்கு விடுத்தல் சாவிற்கு விடுத்தலேயாம். தாயை இழப்பித்தவர் பெரும்பாலும் யாவர்? கால்நடை காக்கத் துப்பாக்கி எடுத்த பண்ணையாரும், புல்வெளியை வேலியிட்டு வளைத்தோருமே. ஆகலின் இவ்வூட்டலைப் புண்ணியமென்று கூற யாம் துணியோம். மனிதர் பட்ட கடனை மனிதர் இறுத்தல் என்றே கூறுவோம்.

ஆயினும் ஒரு முட்டுப்பாடு எஞ்சுகின்றது. கடன்பட்டவன் தன் பொருள்கொண்டன்றோ இறுத்தல் வேண்டும்? இங்கு இறுக்கப்படுவதோ, அக்கடனிற் பங்கில்லாத பிறிதோருயிர்.

நமீபியா நாட்டில் 1990 இல் தோன்றிய சிவிங்கிக் காப்பு நிதியத்தார் 1994 முதல் பண்ணையார்க்கு அனடோலிய மேய்ப்புநாய்களை வழங்கி வருகின்றனர். நாயின் குரைப்பிற்கு அஞ்சிச் சிவிங்கி அகலும், ஆடும் பிழைக்கும், துப்பாக்கிக்கும் வேலையில்லை. குட்டி தாயிழவாமற் காக்கும் இவ்வழியையே யாம் பெரிதும் உவக்கின்றோம். இதற்கு அடைப்பும் வேண்டா, வாளியும் வேண்டா. நாயாற் பிழைத்த அவ்வாடு பின்னர்ப் பண்ணையார் கையினின்றும் எங்குச் செல்லும் என்று உடன்வந்த அன்பரை வினவினோம். அவர் சிரித்தனரேயன்றி விடை கூறினாரல்லர்.