பிரிந்த துணையும் எஞ்சிய நினைவும்



வாழ்க்கைத் துணையை இழந்தோர் சிலர், "அவர் இன்னும் இவ்வீட்டில்தான் இருக்கிறார், நடையொலி கேட்கிறது" என்று தணிந்த குரலில் கூறுவதுண்டு. பிறர் நகைப்பர் என்றஞ்சிச் சொல்லாதாரே மிகுதி. டெவி ரீஸ் என்னும் மருத்துவர், வேல்ஸ் நாட்டில் துணையை இழந்த 293 பேரை வினவி 1971இல் எழுதிய கட்டுரையில், ஏறத்தாழப் பாதிப்பேர்க்கு இத்தகைய உணர்வு நேர்ந்ததெனக் குறித்துள்ளார். அவருட் பெரும்பாலோர் அதனை ஆறுதலாகவே கொண்டனர். ஆதலின் இதனைச் சித்தக் கலக்கம் என்று இகழ்தல் தகாது.

ஆயினும், வந்தவர் யார்? நம் ஆகமம் இதில் ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. உடல் நீங்கிய உயிர் எத்துணை வளைந்து செல்லினும் நான்கு சமயங்களுக்குள் அடுத்த பிறப்பிடத்தை அடைந்துவிடும். ஒரு கண்ணிமைப்பொழுதில் எண்ணற்ற சமயங்கள் அடங்கும். நாம் அழத் தொடங்குமுன்னரே அவ்வுயிர் தன் வினைவழி போய்ச் சேர்ந்துவிட்டது. அப்படியாயின் நாம் கேட்பது? மதிஞானத்தின் பகுதியாகிய தாரணையிற் பதிந்து கிடந்த ஒலியே அது. என் கணவர் மறைந்தபின் பல மாதங்கள், விடியலில் அவர் பஞ்ச நமஸ்காரம் ஓதும் குரல் கேட்டு விழித்தேன். நாற்பத்தோராண்டுகள் நாள்தோறும் கேட்ட குரலன்றோ? (விடுமுறை நாளிலும் பள்ளிமணி ஓசை கேட்டுத் திடுக்கிட்டெழும் ஆசிரியர்களுக்கு இது விளங்கும்.)

அக்குரலைக் கேட்டுக் கண் கலங்குதல் இயல்பு. அதனைத் தேடிக் குறி கேட்கவும் ஆவியை அழைப்பிக்கவும் அலைவோரை எண்ணியே நான் வருந்துகிறேன். அஃது இஷ்ட வியோக ஆர்த்தத் தியானமாய் முற்றி, துன்பந்தரும் அசாதா வேதனீய வினையைப் பெருக்கும்.

ஆதிபுராணத்துச் சுயம்பிரபையை நினைமின். தன் தலைவனாகிய லலிதாங்கதேவன் தேவலோகத்தினின்று நழுவியபோது அவளும் துடித்தாள். ஆனால் அவனை மாளிகைதோறும் தேடினாளல்லள். எஞ்சிய ஆறு திங்களையும் ஜினபூசையிலேயே கழித்தாள். பின்னர் ஸ்ரீமதியாய்ப் பிறந்து, வானில் தேவர் செல்வதைக் கண்டதும் முற்பிறவி நினைவெய்தி, தான் கண்டவற்றைப் படமாகத் தீட்டினாள். அப்படங்கண்டு அவளை அறிந்துகொண்ட வஜ்ரஜங்கனே பழைய லலிதாங்கன். இருவரும் மணந்து, காட்டில் சாரண முனிவர்க்கு ஆகாரதானம் அளித்தனர்.

பிறவிகள் பல கடந்தபின், வஜ்ரஜங்கனின் உயிர் விருஷப தேவராகவும், ஸ்ரீமதியின் உயிர் அத்தினாபுரத்துச் சிரேயாம்சனாகவும் தோன்றின. முனிவர்க்கு உணவளிக்கும் முறை அறிந்தார் எவருமின்மையால் பகவான் பல திங்கள் ஆகாரமின்றித் திரிந்தார். அவரைக் கண்டவுடன் சிரேயாம்சனுக்குப் பண்டு இருவருமாய் அளித்த அந்தத் தானம் நினைவிற்கு வந்தது. கருப்பஞ்சாறு ஏந்தி எதிர்சென்றான். அந்நாளையே நாம் அட்சய திருதியை என்கிறோம்.